புது ஓஎல்இடி டிவியில் இருட்டுக் காட்சி: கோளாறு பேனலிலா, படத்திலா?

#1 தாழ்வாரம் (திருச்சி)

வணக்கம். எங்கள் வீட்டில் இப்போதுதான் முதல்முறையாக ஓஎல்இடி டிவி வாங்கியிருக்கிறோம். 55 அங்குலம். பகல் காட்சி, கிரிக்கெட், பாட்டு எல்லாம் அருமை. பிரச்சினை இருட்டுக் காட்சிகளில்தான்.

முழுக்க ராத்திரியிலேயே நடக்கும் ஒரு லாரிப் படத்தை ஸ்ட்ரீமிங் செயலியில் போட்டோம். வானம் வருகிற இடங்களில் சதுரம் சதுரமாக ஏதோ நகர்கிறது. இன்னொரு படத்தில் பனிமூட்டத்துக்குள் கேமரா மெதுவாகத் திரும்பும்போது மேலிருந்து கீழாக மங்கலான கோடுகள். பென் டிரைவில் இருக்கும் படங்களைப் பழைய லேப்டாப் வழியாகத்தான் போடுகிறோம். அதில் ஆள் போட்டிருக்கும் கறுப்புச் சட்டையும் பின்னால் இருக்கும் சுவரும் ஒன்றாகிவிடுகின்றன.

டிவியை மாட்டிவிட்டுப் போன டெக்னீஷியனிடம் போனில் கேட்டால், "ஓஎல்இடின்னா கறுப்பு அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார். ஆன்லைனில் வாங்கியது, மாற்றிக்கொள்ள 10 நாள் அவகாசம். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். எதை வைத்துச் சோதிப்பது?

#2 ஸ்க்ரூடிரைவர்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யூடியூபில் 5 சதவீத சாம்பல் என்று தேடுங்கள். திரை முழுக்க ஒரே அடர்சாம்பல் வரும் வீடியோ கிடைக்கும். விளக்கை அணைத்து, ஜன்னலை மூடிப் போட்டுப் பாருங்கள். கோடு தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன், மாற்றிக் கொடுத்தார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு கோடு போட்ட டிவியைத் தலையில் கட்டினால் சும்மா விடுவதா?

#3 தாழ்வாரம்

போட்டுப் பார்த்தேன். பயங்கரமாக இருக்கிறது. போனில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். ஓரங்களில் லேசான இளஞ்சிவப்பு வேறு. என் மனைவி, "இத்தனை நாளா நல்லாத்தானே பார்த்துக்கிட்டிருந்தோம்" என்கிறாள்.

#4 சாம்பல்நிறம் (சென்னை)

திருப்பி அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு டிஐ ஸ்டுடியோவில் கலர் கிரேடிங், அதாவது எடுத்து முடித்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலை, செய்கிறேன். நாள் முழுக்க இருட்டுக் காட்சிகளோடுதான் பிழைப்பு.

முதலில் அந்தப் போட்டோவை மறந்துவிடுங்கள். இருட்டறையில் போன் கேமரா தானாகவே எக்ஸ்போஷரை ஏற்றிவிடும். நைட் மோட் இருந்தால் இன்னும் மோசம். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற கோட்டைக் கேமரா வேலிக்கம்பி மாதிரி காட்டும். இணையத்தில் பார்க்கிற "என் டிவி பாழ்" படங்களில் பெரும்பாலானவை இப்படி எடுத்தவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே கோளாறு அல்ல. கட்டங்கள் வருவது படத்தை அமுக்கி அனுப்புகிற விதத்தால். நிலையான நெடுங்கோடுகள் பேனலால். சட்டையும் சுவரும் ஒன்றாவது, அதுவும் லேப்டாப் வழியாக வரும்போது மட்டும் என்றால், அனேகமாக சிக்னல் செட்டிங். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் டிவியை மாற்றிய பிறகும் இரண்டு அப்படியே இருக்கும்.

கோடுகள் ஏன் வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். ஓஎல்இடியில் பின்விளக்கு கிடையாது, ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. கறுப்பு என்றால் அணைந்துவிடுகிறது, அதில் சிக்கலே இல்லை. சிக்கல் அணைந்த நிலைக்கும் அடுத்த ஒன்றிரண்டு வெளிச்சப் படிக்கும் நடுவில். ஒவ்வொரு பிக்சலுக்கும் மின்னோட்டத்தை அளந்து விடுகிற குட்டி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவை அச்சு அசல் ஒன்று போல இருக்காது. பத்துக் குழாய்களை முழுக்கத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரி கொட்டும். சொட்டுச் சொட்டாக விழும்படி திருகி வையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் சொட்டும். பேனலில் நடப்பதும் அதுதான்.

5 சதவீத சாம்பல் எவ்வளவு மங்கல் என்று பாருங்கள். வெள்ளை 100 நிட் (திரை ஒளியை அளக்கும் அலகு), காமா (சிக்னலை ஒளியாக மாற்றும் வளைவு) 2.4 என்று வைத்தால் அந்தச் சாம்பலின் ஒளி சுமார் 0.075 நிட். வெள்ளையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவில் 80 லட்சத்துச் சொச்சம் பிக்சல்களும் ஒரே மாதிரி எரிய வேண்டும் என்று கேட்கிறோம். நான் பார்த்த வரை, எல்லாப் பேனலிலும் ஏதாவது தெரியத்தான் செய்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதனால் வேறு மாதிரி சோதியுங்கள். பனிமூட்டக் காட்சியை மறுபடி போடுங்கள். கேமரா திரும்பும்போது கோடு திரையில் அதே இடத்தில் நிற்கிறதா, படத்தோடு சேர்ந்து நகர்கிறதா? நின்றால் பேனல். நகர்ந்தால் படம். கட்டங்கள் வரும் வானத்தை அதே நிமிடம், அதே நொடியில் போனிலோ லேப்டாப் திரையிலோ வெளிச்சத்தை ஏற்றிவைத்துப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் டிவியைத் திட்டிப் பயனில்லை. இதைச் செய்துவிட்டு எழுதுங்கள்.

#5 ஸ்க்ரூடிரைவர்

எல்லாம் சரி சார். ஆனால் காசு கொடுத்தவர் ஏன் "இது இயல்பு, இது இயல்பு" என்று சகித்துக்கொள்ள வேண்டும்? கம்பெனிகள் இதே பாட்டைத்தான் பாடுகின்றன. எனக்கு மாற்றி வந்த டிவியில் அதே 5 சதவீத வீடியோ சுத்தமாக இருந்தது. அப்போ நல்ல பேனலும் இருக்கத்தானே செய்கிறது?

#6 சாம்பல்நிறம் (சென்னை)

இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு டிவிகளை ஒப்பிட அந்த வீடியோ நல்ல கருவி. தனியாக ஒரு டிவிக்குத் தீர்ப்புச் சொல்ல அதை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, கும்மிருட்டில் சோதிக்கச் சொல்கிறீர்கள். எச்டிஆர் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் அதிக வீச்சு உள்ள) படங்களைச் சரிபார்க்கும் அறை எப்படி இருக்க வேண்டும் என்று ஐடியு என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பிடி.2100 பரிந்துரை சொல்கிறது. அதில் திரையைச் சுற்றியுள்ள சுவர்ப் பகுதிக்கு 5 நிட் வெளிச்சம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது படத்தை உருவாக்குகிறவர்களே குருட்டு இருட்டில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. முழு இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் உட்கார்ந்து, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினால் குறை கிடைக்காத டிவி எது? தாழ்வாரம் சார் தினமும் எந்த வெளிச்சத்தில், எந்த நாற்காலியிலிருந்து பார்க்கிறாரோ அங்கிருந்து பார்க்கட்டும். அங்கே தெரிகிற குறைதான் அவருக்குக் குறை.

#7 யாழ்நிலா (டொராண்டோ)

எனக்கும் முதலில் இப்படித்தான் தலையிடி. இங்கே குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் எல்லாக் குறையும் கண்ணில் படும். எனக்கு உதவின ஒரு சோதனையைச் சொல்கிறேன். சினிமா அகலத்தில் எடுத்த படத்தில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருமல்லவா? விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பட்டையைப் பாருங்கோ. டிவியின் விளிம்பு எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்றே விளங்கக் கூடாது. பட்டை சாம்பலாகத் தெரிந்தால் கறுப்பு அளவு எங்கேயோ பிழைத்திருக்கிறது. எனக்கு பிஎஸ்5 கேம் கருவி ஒரு மாதிரி அனுப்ப, டிவி வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டிலும் ஆட்டோ என்று வைத்ததும் சரியாகிவிட்டது. பேனலில் ஒரு பிழையும் இல்லை.

#8 தாழ்வாரம்

எல்லாருக்கும் நன்றி. செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

வானத்துக் கட்டங்கள் லேப்டாப் திரையிலும் அதே இடத்தில் இருக்கின்றன. பனிமூட்டத்தில் கோடுகள் நகரவில்லை. திரையின் நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் இரண்டு கோடுகள் அப்படியே நிற்கின்றன. சோபாவிலிருந்து பார்த்தால் அந்தக் காட்சியில் மட்டும் தெரிகிறது, மற்றபடி கண்ணில் படவில்லை. யாழ்நிலா சொன்ன பட்டை, செயலியிலும் லேப்டாப்பிலும் சுத்தமாக மறைந்துவிடுகிறது. அப்போ செட்டிங் சரி என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் சட்டை தெரியவில்லை?

#9 சாம்பல்நிறம் (சென்னை)

பட்டை மறைந்தால் கறுப்பு சாம்பலாகவில்லை என்று மட்டும்தான் தெரியும். எதிர்ப்பக்கத் தவறை அது பிடிக்காது. கறுப்புக்கு மேலே இருக்க வேண்டிய நாலைந்து படிகளும் கறுப்புக்குள் போய் விழுந்தாலும் பட்டை அழகாக மறையும்.

எப்படி நடக்கிறது என்றால், வீடியோவில் 8 பிட் கணக்கில் (ஒளிக்கு 0 முதல் 255 வரை எண் கொடுக்கும் முறை) கறுப்பு 16, வெள்ளை 235. கணினி உலகில் கறுப்பு 0, வெள்ளை 255. லேப்டாப் 0 முதல் 255 வரை அனுப்புகிறது, டிவியோ 16க்குக் கீழே இருப்பதெல்லாம் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது என்றால், நிழலில் உள்ள விவரமெல்லாம் போச்சு. நேர்மாறாக நடந்தால் யாழ்நிலாவுக்கு வந்த மாதிரி எல்லாம் வெளுத்துப் போகும்.

இதற்கு ஏவிஎஸ் எச்டி 709 என்று ஒரு இலவசச் சோதனைத் தொகுப்பு உண்டு. பழையது, ஆனால் இதற்கு இன்றும் போதும். அதில் கறுப்பு எல்லையைப் பார்க்கும் படத்தில் 2 முதல் 25 வரை எண் போட்ட பட்டைகள் துடிக்கும். 16 வரை தெரியக் கூடாது, 17லிருந்து தெரிய வேண்டும் என்பது கணக்கு. அதை லேப்டாப் வழியாகவும் போடுங்கள், பென் டிரைவை நேராக டிவியில் செருகியும் போடுங்கள். லேப்டாப்பில் மட்டும் 25 வரை ஒன்றுமே துடிக்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. ஏனென்றால் நான் மேலே சொன்ன தவறில் வீடியோவின் 29 வரை கறுப்புக்குள் விழுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாம் சரியாக இருந்தாலும் ஓஎல்இடியில் 17, 18 கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். 2011இல் வந்த பிடி.1886 என்கிற தரநிலை, திரையின் கறுப்பு எவ்வளவு இருட்டோ அதற்கேற்ப வளைவை மாற்றும். சாதாரண எல்சிடியில் கறுப்பே கொஞ்சம் ஒளிரும், அதனால் நிழல்களைத் தூக்கிவிடும். ஓஎல்இடியில் கறுப்பு பூஜ்யம், அதனால் சுத்தமான 2.4 காமாவாகி, அடியில் உள்ள படிகள் அதல பாதாளத்தில் இருக்கும். 20ஆம் படிக்கே 100 நிட் திரையில் 0.007 நிட்தான் கணக்கு. 17 தெரியவில்லையே என்று பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகும். எதற்காக ஓஎல்இடி வாங்கினீர்களோ அதுவே போய்விடும். 20, 21 லேசாகத் துடித்தால் நிம்மதியாக விட்டுவிடுங்கள். அறையில் விளக்கு எரிந்தால் காமாவை 2.2 ஆக்குங்கள். அது தவறே இல்லை. தியேட்டர் புரொஜக்டருக்கு 2.6 காமா, வெள்ளை 48 நிட் என்று வைத்து, இருட்டறையில் பார்க்கச் செய்த படத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கிறோம். கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

பிரைட்னஸ் என்ற பெயரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் அது கறுப்பு அளவை மாற்றும், சிலவற்றில் பேனலின் மொத்த ஒளியை மாற்றும். மெனுவில் கீழே வரும் விளக்கத்தைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

#10 கடைவீதி

நான் ஒரு ஷோரூமில் டிவி பிரிவில் இருந்தவன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். தாழ்வாரம் சார், ராத்திரி தூங்கப் போகும்போது டிவியை ரிமோட்டில் அணைக்கிறீர்களா, சுவர் ஸ்விட்சையும் சேர்த்து அணைக்கிறீர்களா?

நம் ஊரில் பத்து வீட்டில் எட்டு வீடு சுவர் ஸ்விட்சை அணைக்கும். மின்சாரம் மிச்சம், இடி மின்னலுக்குப் பயம், அப்பா சொல்லிக்கொடுத்தது என்று ஆயிரம் காரணம். ஆனால் ஓஎல்இடி டிவிகள், அணைத்து ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் தன்னைத்தானே அளந்து, பிக்சல்களுக்கு நடுவில் இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துகொள்கின்றன. எல்ஜி டிவிகளில் மொத்தம் 4 மணி நேரம் ஓடிய பிறகு அணைத்தால் இந்த வேலை நடக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்தால் எப்படி நடக்கும்? புது டிவியில் கோடு தெரிகிறது என்று வந்த சில பேரிடம் ஸ்விட்சை அணைக்காமல் கொஞ்ச நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நிறைய பேருக்குக் குறைந்தது. எல்லாருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

மெனுவில் கையால் ஓட்டுகிற நீண்ட பிக்சல் ரிஃப்ரெஷும் இருக்கும். அதை ஆசைக்கு அடிக்கடி ஓட்டாதீர்கள், தேவைப்பட்டால் டிவியே கேட்கும்.

அப்புறம், டெக்னீஷியன் மாட்டிவிட்டுப் போகும்போது பிக்சர் மோட் விவிட்டில் (நிறத்தையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டுவது) இருந்திருக்கும். அதில் எந்தச் சோதனையும் செல்லாது. படத்தை எடுத்தவர்கள் நினைத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் என்று இருந்தால் அதில் வையுங்கள். 2019இல் யுஎச்டி அலையன்ஸ் கொண்டுவந்தது, இப்போது பல கம்பெனிகளின் டிவியிலும் இருக்கிறது. அதில் போட்டுவிட்டு "இருட்டாக இருக்கிறதே" என்று உடனே மாற்றாதீர்கள், கண் பழகட்டும்.

பேனலை மாற்றி மாற்றி வாங்குவதைப் பேனல் லாட்டரி என்பார்கள். தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், இது மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. இரண்டு கோடு உள்ளதைக் கொடுத்துவிட்டு நாலு கோடு உள்ளதை வாங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

#11 ஸ்க்ரூடிரைவர்

சுவர் ஸ்விட்ச் விஷயம் எனக்குத் தெரியாது. நல்ல தகவல். ஆனால் 10 நாள் அவகாசத்தில் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள் என்றால் அவகாசமே முடிந்துவிடுமே?

#12 கடைவீதி

அதற்காகத்தான் இன்றே ஸ்விட்சை அணைக்காமல் விடச் சொல்கிறேன். பொறுக்கச் சொல்லவில்லை. வாங்கிய தளத்தில் புகாரை இப்போதே பதிவு செய்துவிடலாம். பதிவு எண் கையில் இருந்தால் பிறகு பேசலாம்.

#13 பிக்சல்_கோவை

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டிவி அல்ல, கேமிங் மானிட்டர், க்யூடி ஓஎல்இடி. பகலில் ஜன்னலைத் திறந்தால் கறுப்பு லேசான ஊதாச் சாம்பல் ஆகிறது. ராத்திரியில் பிரமாதம். இதுவும் செட்டிங்கா? அப்புறம் கேம் லோடாகும்போது இருட்டுத் திரை படபடவென்று மினுக்குகிறது. விண்டோஸில் எச்டிஆர் போட்டால் சாதாரணப் படங்களின் இருட்டுப் பகுதி வெளுத்துப் போகிறது. மூன்றுக்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

#14 சாம்பல்நிறம் (சென்னை)

முதலாவதுக்கு வழி திரைச்சீலைதான். 2022இல் சந்தைக்கு வந்த இந்த வகைப் பேனலில் நீல ஓஎல்இடி ஒளியைக் குவாண்டம் டாட் என்கிற நுண்துகள்கள் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகின்றன. எல்ஜி டிஸ்ப்ளேயின் வெள்ளை ஓஎல்இடி பேனலில் இருக்கும் போலரைசர் (வெளியிலிருந்து விழும் ஒளி திரும்பி வராமல் தடுக்கும் படலம்) இதில் கிடையாது. அதனால் அறை வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. பிக்சல் அணைந்துதான் இருக்கிறது, நீங்கள் பார்ப்பது உங்கள் ஜன்னல் வெளிச்சம். வெளிச்சமான ஹாலில் வைத்து வெள்ளை ஓஎல்இடியோடு ஒப்பிட்டு, இது கறுப்பே இல்லை என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். இருட்டறைக்குக் கொண்டுபோனால் அதே ஆட்கள் வாயை மூடுவார்கள்.

மினுக்குவது விஆர்ஆரால், அதாவது கேமின் பிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரையும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதியால். பேனலின் காமாவை ஒரு நிலையான வேகத்துக்குத்தான் ஆலையில் சரிசெய்கிறார்கள். பிரேம் வேகம் 120லிருந்து திடீரென்று 50க்கு விழுந்தால் அடர்சாம்பலின் ஒளி கொஞ்சம் மாறும். வேகம் தாவித் தாவி மாறும்போது அது மினுக்கலாகத் தெரியும். வெளிச்சக் காட்சியில் நடந்தாலும் கண் பிடிக்காது. கேமில் பிரேம் வேகத்துக்கு வரம்பு வைத்தால் குறையும், லோடிங் திரையில் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் விஷயம் பேனலைச் சேர்ந்ததே இல்லை. எச்டிஆர் நிலையில் சாதாரணப் படங்களை அது எஸ்ஆர்ஜிபி என்கிற கணினித் தரநிலையின் வளைவில் காட்டுகிறது. அந்த வளைவு அடியில் 2.2 காமாவைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதனால் நிழல் வெளுக்கும். எச்டிஆர் படம் பார்க்கும்போது மட்டும் அதைப் போடுங்கள்.

#15 தேன்சிட்டு (மதுரை)

போனுக்கும் இதெல்லாம் பொருந்துமா? என் போனில் ராத்திரி வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கினால் சாம்பல் பின்னணி அழுக்குத் துணி மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது. டார்க் மோடில் மேலே கீழே தள்ளினால் எழுத்துக்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு இழுவை வேறு.

#16 பிக்சல்_கோவை

இதற்கு நான் சொல்கிறேன், போன்களோடு எனக்குப் பழக்கம் அதிகம். திட்டுத் திட்டாக இருப்பது மேலே சாம்பல்நிறம் சொன்ன அதே கதை. வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கும்போது பிக்சலுக்குப் போகிற மின்னோட்டமும் சொற்பம். டிசி டிம்மிங் (மின்னோட்டத்தைக் குறைத்தே திரையை மங்கலாக்குவது) என்று ஏதாவது செட்டிங் போட்டிருக்கிறீர்களா? சில போன்களில் அதைப் போட்டால் கண்ணுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் இந்தத் திட்டு அதிகமாகும். சாதாரணமாகப் போன் திரை வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரியும். அந்த முறையில் பிக்சல் எரியும்போது கொஞ்சம் பலமாகவே எரிவதால் நிறம் கெடாது. தலைவலி வராதவர்களுக்கு அதுவே நல்லது.

ஊதா இழுவை, அணைந்து கிடக்கிற பிக்சல் எழுந்து வருவதற்கு எடுக்கும் நேரம். சுத்தக் கறுப்புப் பின்னணியில்தான் வரும். கூகுள் 2019இல் வெளியிட்ட வடிவமைப்பு விதிகளே டார்க் தீமுக்குச் சுத்தக் கறுப்பைச் சொல்லாமல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 18 இருக்கிற அடர்சாம்பலைத்தான் சொல்லின. அப்படி இருக்கும் செயலிகளில் இழுவை குறைவு. வெளிச்சத்தை இரண்டு புள்ளி ஏற்றினாலும் குறையும்.

#17 யாழ்நிலா (டொராண்டோ)

அந்த வானத்துக் கட்டம் பற்றி ஒருவரும் முடித்து வைக்கவில்லையே. எங்கட வீட்டிலும் அதுதான் இப்ப மிச்சப் பிரச்சினை. நல்ல வேக இணைய இணைப்பு, 4கே சந்தா, அப்படியும் கட்டம்.

#18 சாம்பல்நிறம் (சென்னை)

இது என் வயிற்றெரிச்சல், அதனால் கொஞ்சம் நீளும்.

ஒரு நைட் எஃபெக்ட் காட்சியை நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். வானத்தின் நீலம் எங்கே கறுப்பாக மாறுகிறது, தெருவிளக்கின் வட்டம் எங்கே கரைகிறது என்று மணிக்கணக்கில் உட்காருவோம். பிறகு அந்தப் படம் ஸ்ட்ரீமிங்குக்குப் போகிறது. 4கே புளூ-ரே டிஸ்க்கில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்கு 15 மெகாபிட் இணைப்பு போதும் என்கிறது. அதாவது டிஸ்க்கில் கிடைக்கிற இடத்தில் எட்டில் ஒரு பங்கு. குறைவான இடத்தில் அடைக்க வேண்டும் என்றால் அமுக்கும் மென்பொருள் முதலில் கைவைக்கிற இடம் இருட்டுதான். அங்கே கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பது அதன் கணக்கு. கறுப்பே வெளுத்த பழைய எல்சிடியில் அது உண்மையும்கூட. ஓஎல்இடி வந்து அந்தக் குப்பையையெல்லாம் துல்லியமாகக் காட்டிக்கொடுத்துவிட்டது. உங்கள் டிவி நல்ல டிவி என்பதால்தான் கட்டம் தெரிகிறது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனால் அதுதான் நிலவரம்.

படிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். 8 பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து 5 சதவீத சாம்பல் வரை மொத்தம் 11 படிகள். ஒரு முழு இரவு வானத்தை அந்தப் பதினொன்றுக்குள் வரைய வேண்டும். பட்டை பட்டையாகப் பிரியாமல் என்ன செய்யும்? 10 பிட்டில் அதே இடத்துக்கு 44 படிகள். அதனால் ஒரே படம் எச்டிஆரிலும் சாதாரணப் பதிப்பிலும் கிடைத்தால் இருட்டுக் காட்சிக்கு 10 பிட்டில் வரும் எச்டிஆரைத் தேர்ந்தெடுங்கள். ஃபிலிம் கிரெய்ன் மாதிரி பொடிப் புள்ளிகளாக மெல்லிய இரைச்சல் படத்தில் இருந்தால் அது பட்டைகளை மறைக்கும். ஆனால் அமுக்கும்போது முதலில் பறிபோவது அந்த இரைச்சல்தான்.

2019 ஏப்ரலில் கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசனின் மூன்றாம் பகுதி எச்பிஓவில் வந்தபோது உலகம் முழுக்க இதே கூப்பாடு. ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது என்றார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், இருட்டாகத் தெரிய வேண்டும் என்றேதான் எடுத்தோம் என்றார். படத்தை அமுக்கியதையும், டிவியைச் சரியாக வைத்துக்கொள்ளாத பார்வையாளர்களையும் குறை சொன்னார். பார்வையாளர்களைச் சொன்னதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டுமே பாதி உண்மை என்பது என் கட்சி.

வீட்டில் செய்யக்கூடியது சொற்பம். டிவி மெனுவில் ஸ்மூத் கிரேடேஷன் மாதிரி ஒரு வசதி இருந்தால் அதைக் குறைந்த அளவில் போடுங்கள். பட்டைகள் கரையும், அதிகம் வைத்தால் முகங்களும் மெழுகாகும். லேப்டாப் உலாவியில் பார்க்காமல் டிவியில் உள்ள செயலியிலேயே பாருங்கள், பல சேவைகள் உலாவிக்குக் குறைந்த தரத்தில்தான் அனுப்புகின்றன.

#19 தாழ்வாரம்

709 தொகுப்பை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். பென் டிரைவை நேராகச் செருகினால் 20லிருந்து லேசாகத் துடிக்கிறது. லேப்டாப் வழியாக, நீங்கள் சொன்ன மாதிரியே, 25 வரை ஒன்றுமே இல்லை. டிவியில் அந்த எச்டிஎம்ஐக்கு மட்டும் கறுப்பு அளவை மாற்றியதும் லேப்டாப்பிலும் 20 தெரிந்தது. கறுப்புச் சட்டைக்குப் பாக்கெட் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

சுவர் ஸ்விட்சை இனி அணைப்பதில்லை என்று வீட்டில் அறிவித்தாயிற்று. மாமனாருக்கு உடன்பாடில்லை.

கோடு இரண்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது, போகவில்லை. புகார் பதிவு செய்துவிட்டேன். மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். மாற்றுவதா வேண்டாமா?

இன்னொரு கேள்வி. நீளமான இருட்டுக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை மெல்ல மெல்ல இன்னும் மங்குகிறது. ரிமோட்டில் ஏதாவது அழுத்தினால் திரும்பி வருகிறது. இது புதுக் கோளாறா?

#20 பிக்சல்_கோவை

கடைசியில் கேட்டது கோளாறு இல்லை. திரையில் வெளிச்சம் ரொம்ப நேரம் மாறாமல் இருந்தால், அசையாத படம் நிற்கிறது என்று நினைத்துப் பேனலைக் காப்பாற்ற டிவி ஒளியைக் குறைக்கிறது. இருட்டுக் காட்சியில் அசைவு இருந்தாலும் சராசரி வெளிச்சம் மாறாததால் ஏமாந்துவிடுகிறது. மெனு திரையில் வந்ததும் கணக்கு மாறி, பழைய நிலைக்கு வந்துவிடும். இதை நிறுத்த சர்வீஸ் மெனுவுக்குள் போகச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. வாரண்டி இருக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள்.

#21 ஸ்க்ரூடிரைவர்

மாற்றுங்கள். தருகிறேன் என்கிறவனிடம் வாங்காமல் விடலாமா?

#22 சாம்பல்நிறம் (சென்னை)

சோபாவிலிருந்து, வழக்கமான வெளிச்சத்தில், இதுவரை ஒரே ஒரு காட்சியில் தெரிந்திருக்கிறது. நானாக இருந்தால் வைத்துக்கொள்வேன். ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்ட கோட்டைக் கண் தேடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பனிமூட்டத்திலும் அதைத்தான் பார்ப்பீர்கள் என்றால் ஒருமுறை மாற்றுங்கள். வருகிற டிவியில் இதைவிட மோசமாக இருந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளும் மனம் வேண்டும். வீட்டில் மற்றவர்களிடம் கோடு எங்கே என்று காட்டியிருக்கிறீர்களா? இல்லை என்றால் காட்டாதீர்கள்.

#23 கடைவீதி

மாற்றுவது என்று முடிவெடுத்தால்: பழைய டிவியின் அட்டைப்பெட்டி, தெர்மாகோல், ஸ்டாண்ட் திருகுகள் எல்லாம் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி விடுவார்கள். சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். புது டிவி வந்ததும், பழையதை எடுத்துப் போகும் முன் இரண்டையும் ஒரே ராத்திரி, ஒரே மோடில், ஒரே பென் டிரைவை வைத்துப் பாருங்கள். எடுத்துப் போகும் ஆள் மறுநாள் வரும்படி கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இரண்டில் எது தேவலையோ அதை வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் விடுவார்கள். சுவரில் மாட்டுகிற வேலையை மட்டும் முடிவெடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கழற்றி மாட்ட இரண்டாவது முறை தனியாகக் காசு கேட்பார்கள்.